பெறுபவர் அல்லாத ஒருவர்

மாண்புமிகு கர்நாடக சுகாதாரத் துறை அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் அவர்களுக்கு,

பெங்களூரு மர்பி டவுனிலிருந்து எழுதுகிறேன். ரேஷன் கார்டு, பென்ஷன், பள்ளி அட்மிஷன் என்று ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவன். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக் காகிதங்களும் வருகின்றன. கன்னடமும் இங்கிலீஷும் தெரியும் என்பதால் கூடவே வரச் சொல்கிறார்கள்.

போன மாதம் எங்கள் தெருத் தங்கச்சி ஒருத்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்திராநகரில் மூன்று வீட்டில் வேலை செய்கிறாள். புருஷன் பெயிண்டர். குடித்துக் குடித்து லிவர் சுருங்கி, வயிற்றில் தண்ணீர் கோத்து, கண்ணெல்லாம் மஞ்சள். ஐந்து மாதமாக ஒரு சொட்டு தொடவில்லை. கல்லீரல் மாற்றினால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய ரத்த குரூப் பொருந்துகிறது.

கொடுப்பவரின் சம்மதம் கேட்கும் சின்ன அறை, மேசைமேல் கேமரா. இஷ்டப்பட்டுத்தான் கொடுக்கிறாயா என்று கன்னடத்தில் கேட்டார்கள். பக்கத்து நாற்காலியில் மாமியார். தங்கச்சி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே "ஹௌது" (ஆமாம்) என்றாள். வெளியே டீக்கடையில்தான் தமிழில் பேசினாள்: "வேணாம்னு சொல்லியிருந்தா, அப்புறம் எந்த வீட்டுக்குண்ணே போறது?"

மாமியாரையும் குறை சொல்ல முடியாது. பெற்ற வயிறு. அறுபத்தெட்டு வயது, சர்க்கரை. அவரால் கொடுக்க முடியாது.

குடிகாரனுக்கு எதற்குக் கல்லீரல் என்று கேட்க நான் எழுதவில்லை, ஐயா. குடி நோய்தான், அதைப் பார்க்க நம் ஊர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் மாற்று என்ற பழைய வழக்கத்தை 2011-ல் பிரான்ஸ் மருத்துவர்கள் கேள்வி கேட்டார்கள். குடியால் கல்லீரல் கடுமையாக வீங்கி, மருந்துக்கும் அடங்காதவர்களில் சிலரைக் கவனமாகத் தேர்ந்து, காத்திருக்காமல் மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாற்றாதவர்களில் 23 சதவீதம்தான். அந்த பெயிண்டரும் பிழைக்க வேண்டும்.

என் பேச்சு கொடுப்பவளைப் பற்றி. 2023-ல் கர்நாடகம் முழுக்க மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்கள் 178 பேர். அந்த வரிசை நகர்வதற்குள் இங்கே ஆள் போய்விடுவார். ஆகவே வீட்டுக்குள்ளேயே தேடுகிறார்கள். தேடல் பெரும்பாலும் அடுப்படியில் போய் நிற்கிறது.

1994-ம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவு. 2014-ல் வந்த விதிகளில் பெண் கொடையாளிக்கென்றே ஒரு விதி உண்டு: கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவள் சுயமாகச் சம்மதிக்கிறாள் என்பதை உறுப்பைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிசெய்ய வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மாமியாரும் பெறுபவர் அல்லாத ஒருவர்தானே? கொழுந்தனும்தான்.

கொடுப்பவளின் கல்லீரலை வலது பக்கமாகப் பாதிக்கு மேல் வெட்டி எடுக்கிறார்கள். மிச்சம் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்ட்டில் புனேயில் கணவருக்குக் கல்லீரல் கொடுத்த ஒரு பெண், அவர் இறந்த சில நாளில் தானும் இறந்தாள். இப்படி நடப்பது அபூர்வம். இருந்தாலும் தங்கச்சிக்குத் தெரியுமா? நான்தான் சொன்னேன், அதுவும் பஸ்ஸில்.

விதியில் வரும் அந்த 'ஒருவர்' குடும்பத்துக்கும் அறுவை சிகிச்சைக் குழுவுக்கும் வெளியே இருப்பவராக, அவளுடைய மொழி பேசுபவராக இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அமெரிக்காவில் மாற்று சிகிச்சை மையங்கள் கொடையாளி பக்கம் நிற்க இப்படி ஒருவரை வைத்தே தீர வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு தனியாகப் பேசட்டும். வேண்டாம் என்று அவள் சொன்னால் வீட்டாரிடம் "பொருந்தவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். அந்தப் பொய்யை நான் பாவமாக நினைக்கவில்லை.

இன்னொன்று, கூலி. மூன்று மாதம் குடம் தூக்கக்கூடாது என்றால் மூன்று வீட்டு வேலையும் போச்சு. 2025-26 பட்ஜெட்டில் உங்கள் அரசு மதுவிலிருந்து வரும் என்று வைத்த இலக்கு 40,000 கோடி ரூபாய். அவள் புருஷன் வருடக்கணக்காக அந்தக் கணக்கில் கட்டியவர்தான். அதிலிருந்து அவளுக்கு மூன்று மாதச் சம்பளம் கேட்கிறேன்.

அவளுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் 14-ம் தேதி. ஃபைல் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாமியாரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மர்பி டவுன்வாசி ஒருவன்