லித்தியத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு நாகர்கோவிலிலிருந்து ரயிலேறிப் போய்வரும் நம் பிள்ளைகளுக்குத் தூக்கமும் நிம்மதியும் எட்டாக்கனிதான். அதற்காக அவர்களில் யாரேனும் 5 மி.கி. லித்தியம் ஒரோடேட் புட்டியை இணையத்தில் தேடினால், ஒரு வார்த்தை.

2025 ஆகஸ்டில் லித்தியம் ஒரோடேட் பற்றி ஹார்வர்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் சொன்ன நல்ல செய்தி எலிகளைப் பற்றியது. மனிதருக்கு அதன் பலன் இன்னும் நிரூபணமாகவில்லை. மனநல மருத்துவர் தரும் 300 மி.கி. லித்தியம் கார்பனேட் மாத்திரையில் தனி லித்தியம் சுமார் 56 மி.கி.; அதைச் சாப்பிடுவோருக்கு ரத்தத்தில் லித்தியம் அளவை விடாமல் பார்க்கிறார்கள். தானாகப் புட்டி வாங்கிச் சாப்பிடுபவரை யார் பார்ப்பது?

லித்தியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். உடலில் உப்பு குறைந்தால், சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். வியர்த்து ஊற்றும் நாளில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தாலோ, தலைவலிக்கு இபுப்ரூஃபென் போட்டாலோ ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறும். ஆகவே முதலில் கிரியாட்டினின், சோடியம், கால்சியம், தைராய்டு பரிசோதனை. தலைமுடியில் கனிமம் அளக்கும் பரிசோதனையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முடிவுத் தாளை மருத்துவரிடம் நீட்டும்போது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் தாமாக இதைத் தொடவே வேண்டாம்.