ட்ராப் நெகட்டிவ்னா வீட்டுக்குப் போகலாமா?

கம்பம் பக்கம் ஒருவர். விடியற்காலை 5 மணி. ஏலத்தோட்டத்து ஜீப்புக்குக் கிளம்பும் நேரத்தில் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது. வாய்வு என்று சோடா குடிக்கிறார். வலி விடவில்லை. 6 மணிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு அட்டையில் நாலு சொட்டு ரத்தம் விட்டுப் பார்க்கிறார்கள். ஒரே கோடு. "ட்ராப் நெகட்டிவ். கேஸ் டிரபிள்தான், வீட்டுக்குப் போங்க" என்கிறார்கள்.

இது கற்பனைதான். ஆனால் இப்படி நடக்கவே நடக்காது என்று யாராவது சத்தியம் செய்ய முடியுமா?

அந்த அட்டை தேடுவது ட்ரோபோனின் என்ற புரதத்தை. இதயத் தசை சேதமானால்தான் அது ரத்தத்துக்குள் கசியும். சாதாரண கிட்டில் தெரிகிற அளவுக்கு ஏற 3, 4 மணி நேரமாவது ஆகும். பிறகு ஒரு வாரத்துக்கு மேல்கூட ரத்தத்தில் இருக்கும். ஆக, வலி வந்து ஒரு மணி நேரத்தில் பார்த்த நெகட்டிவ் எதையும் நிரூபிக்கவில்லை. வங்கியில் செக் போட்ட ஐந்தாவது நிமிடம் பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, "செக்கே போடவில்லை" என்று சொல்வீர்களா?

பெரிய லேப்களில் இருக்கும் அதிநுட்ப ட்ரோபோனின் சோதனை இன்னும் சீக்கிரம் காட்டும். ஆனால் அங்கேயும் பெரும்பாலும் 1, 2 அல்லது 3 மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம் எடுத்து, அளவு ஏறுகிறதா என்று ஒப்பிடுகிறார்கள். பாசிட்டிவ் வந்தாலும் உடனே மாரடைப்பு என்று முடிவு கட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு, கடும் தொற்று, இதயத் தசை அழற்சி இவற்றிலும் ட்ரோபோனின் ஏறும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. இசிஜியில் எஸ்டி பகுதி தெளிவாக மேலே ஏறியிருக்கும்போது ரத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது! நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அதிலேயே மாரடைப்பு தெரிந்துவிட்டால் உடனே சிகிச்சை, லேப் அப்புறம்தான். தமிழ்நாட்டில் சின்ன மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நடத்திய ஆய்வு 2017ல் வெளியானது. 2,420 நோயாளிகள். ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. சாதித்தது புது மருந்து அல்ல, ஒழுங்கான ஏற்பாடு!

"ஆறு மணி நேரம் உட்கார வைத்துப் பார்க்கப் படுக்கை ஏது? இரண்டாவது கிட்டுக்குக் காசு யார் தருவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் படுக்கை இல்லையென்றால் "நார்மல்" என்று எழுதுவதா? "இன்னும் முடிவாகவில்லை" என்று எழுதி 108ல் ஏற்றிவிடலாமே. கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கிலோமீட்டர். அதையும் தாண்டி க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இவ்வளவு தூரம் இருக்கிற பள்ளத்தாக்கில், திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி கிளம்பி வருவதற்குள் காலம் கடந்துவிடும்.

2023ல் தமிழக அரசு கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் "உனக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவருக்கு அந்த மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்?

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு ட்ரோபோனின் ரிப்போர்ட்டிலும் இரண்டு நேரம் எழுத வேண்டும். வலி தொடங்கிய நேரம், ரத்தம் எடுத்த நேரம். இரண்டுக்கும் இடைவெளி குறைவென்றால் மறுபடி ரத்தம், மறுபடி இசிஜி. அதற்கு முன் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு பேனா, இன்னொரு கிட்.

நாளைக்கு உங்கள் வீட்டில் யாருக்காவது "நெகட்டிவ்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "வலி வந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்தது? அடுத்தது எப்போ?" என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபப்படுவாரா? படட்டுமே... உயிரை விடவா!