பிறருடைய விடுமுறைக் காலத்தில் வேலை செய்பவர்களின் விடுமுறை

பல்கலைக்கழகத்தில் என்னுடன் படித்து, 1990களில் நாட்டைவிட்டு வெளியேறி, இப்போது ஐக்கிய அமெரிக்காவில் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் மகள் அந்நாட்டின் தேசிய பூங்கா ஒன்றில் பருவகால ஊழியராக வேலை செய்கிறாள். 2023 ஜூலையில் அவளுடைய அம்மம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். பேத்தி வரவில்லை. "மூன்று நாள் லீவுதான் அங்கிள் கணக்கில் இருந்தது. மூன்று நாளில் யாழ்ப்பாணம் வந்து திரும்ப முடியுமா?" என்று பின்னர் தொலைபேசியில் கேட்டாள். ஒக்டோபர் இறுதியில் பருவம் முடிந்து வேலையிலிருந்து விலக்கப்பட்டபோது, எடுக்காத விடுமுறைக்கான காசை அரசாங்கம் ஒரு சதமும் குறையாமல் அவளுக்கு அனுப்பி வைத்தது. அந்தக் காசைப் பற்றியே இன்று எழுத நினைக்கிறேன்.

எமது நாட்டில் அரச ஊழியர்களின் விடுமுறை என்றதும் நினைவுக்கு வருவது வருடத்துக்கு 45 நாட்கள். ஓய்வு விடுமுறை 24, தற்செயல் விடுமுறை 21. இந்தத் தாராளத்தைக் குறைகூறாத பத்திரிகையாளர் இலங்கையில் இல்லை. நானும் குறைகூறி எழுதியவனே. அமெரிக்க சமஷ்டி அரசாங்கத்தின் முறை வேறு. அங்கு விடுமுறை சிறிது சிறிதாகச் சேர்கிறது. 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படையில் அமைந்த அந்த ஒழுங்கின்படி, மூன்று வருடங்களுக்குக் குறைந்த சேவையுடைய முழுநேர ஊழியர் ஒருவருக்கு இரண்டு கிழமைகளைக் கொண்ட ஒவ்வொரு சம்பளக் காலத்துக்கும் 4 மணித்தியால வருடாந்த விடுமுறை கணக்கில் வைக்கப்படும். மூன்று வருடங்களின் பின்னர் அது 6 மணித்தியாலமாகவும் 15 வருடங்களின் பின்னர் 8 மணித்தியாலமாகவும் உயரும்.

வருடம் முழுவதும் வேலை செய்பவருக்கு இது நியாயமான ஏற்பாடே. ஆனால், பருவகாலத் தற்காலிக ஊழியர் ஒரு சேவை வருடத்தில் 1,040 மணித்தியாலங்களுக்குக் குறைவாகவே வேலை செய்யலாம். ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். பதின்மூன்று சம்பளக் காலங்கள், 52 மணித்தியாலங்கள், ஆறரை நாட்கள். அதுவும் கடைசிநாள் வரை வேலை செய்தால்தான் முழுமையாகச் சேரும். ஏப்ரல் இறுதியில் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு ஜூலை நடுப்பகுதியில் 24 மணித்தியாலங்கள்தான் இருக்கும். அந்த மூன்று நாள் கணக்கு இப்படி வந்ததே.

அவளுடைய முதல் கோடை, 2022 இல், இதைவிட மோசமானது. அந்த நியமனம் 12 கிழமைகளுக்கு மட்டுமானது. 90 நாட்களுக்குக் குறைந்த நியமனத்தில் இருப்பவர், இடைவெளியின்றித் தொடர்ந்து 90 நாட்கள் சேவையை முடிக்காவிட்டால் வருடாந்த விடுமுறைக்கு உரித்துடையவரல்ல என்கிறது சட்டம். 84 நாட்கள் உழைத்தவளுக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பாடசாலை விடுமுறைக் காலம் ஏறக்குறைய மூன்று மாதம் என்பதையும், கோடைகால வேலைகள் பெரும்பாலும் அந்த அளவுக்கே வெட்டப்படுகின்றன என்பதையும் சட்டம் இயற்றியவர்கள் அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது.

பூங்காவில் பருவம் என்பதே மற்றவர்களின் விடுமுறைதான். குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து கூடாரமடிக்கும் ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும் ஆட்பலம் தேவை என்பதற்காகவே இவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். வனச் சேவையின் தீயணைப்புக் குழுக்களுக்கும் இதே நிலைதான். விடுமுறை கேட்கக்கூடிய மாதங்களில் அதைக் கொடுக்க மேலதிகாரிக்கு மனம் இருந்தாலும் ஆள் இருக்காது. ஆள் இருக்கக்கூடிய மாதங்களில் ஊழியர் வேலையில் இருக்கமாட்டார். ஆகவே, அவர்களின் வருடாந்த விடுமுறை என்பது நடைமுறையில் தாமதமாக வழங்கப்படும் ஒரு சிறு சம்பளத் தொகையே.

அதே பாதையில் இவளுடன் சேர்ந்து நடக்கும் இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். அவர்கள் நிரந்தரப் பருவகால ஊழியர்கள். பருவம் முடிந்ததும் அவர்கள் சம்பளமற்ற நிலையில் வைக்கப்படுவார்கள், பதவி போகாது. பதவி போகாததால் விடுமுறைக்குக் காசும் கிடையாது. அது 240 மணித்தியால உச்சவரம்புக்கு உட்பட்டு அடுத்த வருடத்துக்குச் செல்லும். பனிக்காலத்தில் வாடகை கட்டக் காசு தேடுபவருக்குக் கணக்கில் விடுமுறை இருக்கிறது. அடுத்த வருடம் ஊருக்குப் போக நாட்கள் தேடுபவளுக்கு வங்கியில் காசு இருக்கிறது. இருவரிடமும் எது வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

திரும்பத் திரும்ப வரும் பருவகாலத் தற்காலிக ஊழியருக்கு இந்தத் தெரிவு வழங்கப்பட வேண்டும் என்பதே எனது நிலைப்பாடு. காசாக வாங்குவதா, அடுத்த பருவத்துக்கு வைத்திருப்பதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஆயிரக்கணக்கானவர்களின் கணக்குகளை மாதக்கணக்கில் திறந்து வைத்திருப்பது நிர்வாகச் சுமை, அவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கும் உத்தரவாதமில்லை என்று சொல்லப்படலாம். அலட்சியம் செய்யக்கூடிய வாதம் அல்ல. ஆனால், சுகவீன விடுமுறை விடயத்தில் இதே அரசாங்கம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. விலகும்போது அதற்குக் காசில்லை. மீண்டும் சமஷ்டி வேலைக்கு வந்தால் பழைய மிகுதி அப்படியே கணக்கில் சேர்க்கப்படும். வருடாந்த விடுமுறையிலும், காசு வாங்கிய ஒருவர் அந்தக் காசு உள்ளடக்கும் காலம் முடிவதற்குள் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டால், எஞ்சிய காலத்துக்கான பணத்தைத் திருப்பிச் செலுத்த, விடுமுறை மீண்டும் கணக்கில் வைக்கப்படுகிறது. அரசாங்கத்துக்கு வசதியான இடத்தில் கணக்கைத் திரும்பத் திறக்க எந்தச் சிரமமும் இருப்பதாகத் தெரியவில்லை.

சீர்திருத்தம் வந்தபோதும் இவர்கள் வெளியிலேயே நின்றார்கள். வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தில் பல வருடங்களாகத் தற்காலிக நியமனத்திலேயே வைக்கப்பட்டிருந்த தொழிலாளி ஒருவர் 1993 இல் மாரடைப்பால் இறந்தார். குடும்பத்துக்கு ஓய்வூதியமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. விவகாரம் காங்கிரஸ் வரை சென்றது. தற்காலிக நியமனங்களை வருடக்கணக்கில் நீடித்துக்கொண்டு போகமுடியாதவாறு 1994 இல் புதிய விதிகள் வந்தன. ஆனால், 1,040 மணித்தியாலத்துக்குக் குறைந்த பருவகால வேலைகளுக்கு விதிவிலக்கு அளிக்கப்பட்டது. நீண்டகாலம் இவ்வாறு உழைத்தவர்கள் நிரந்தரப் பதவிகளுக்குப் போட்டியிட வழிசெய்யும் சட்டம் 2015 இல்தான் வந்தது. அதிலும் விடுமுறை பற்றி எதுவும் இல்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழியும் இருக்கிறது. நியமனக் காலம் முடிவதற்குள் சேரக்கூடிய வருடாந்த விடுமுறையை முற்கூட்டியே வழங்குவதற்கு நிறுவனங்களுக்கு ஏற்கெனவே அதிகாரம் உண்டு. அது அவர்களின் விருப்பத்தைப் பொறுத்தது, ஊழியரின் உரிமையல்ல. நண்பரின் மகளுக்கு அந்த ஜூலையில் ஆறரை நாட்களையும் கொடுத்திருக்கலாம். வார இறுதிகளையும் சேர்த்தால் யாழ்ப்பாணம் வந்து எட்டுச் செலவுவரை நின்று திரும்பியிருப்பாள். அப்படியொரு ஏற்பாடு இருப்பதாக எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

2024 இல் மீண்டும் அதே பூங்காவுக்குச் சென்றாள். முதல் நாளே முற்பண விடுமுறையைப் பற்றி விசாரித்தாளாம். மேலதிகாரி சற்று யோசித்துவிட்டு, இத்தனை வருடங்களில் பருவகால ஊழியர் எவரும் தன்னிடம் அதைக் கேட்டதில்லை என்றாராம்.