கோர்ட்டுத் தீர்ப்புகள் தரும் பாடம்

"கோர்ட்டுக்குப் போனால் ஏழைக்கு நியாயம் கிடைக்குமா?" பிள்ளைச்சாவடியிலும் காலாப்பட்டிலும் உழைப்பாளிகள் கூடும் இடமெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. கிடைக்கவே கிடைக்காது என்று கைவிரிப்பவர்கள் ஒரு பக்கம். வக்கீலிடம் கட்டை ஒப்படைத்துவிட்டால் போதும், மற்றதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் மறுபக்கம். இரண்டும் தவறு என்பதே நமது கருத்து. நடந்து முடிந்த வழக்குகளே இதற்குச் சாட்சி.

1962 நவம்பர் 6 முதல் சென்னை ஹைகோர்ட்டின் அதிகாரம் நமது புதுவைப் பிரதேசத்துக்கும் விரிக்கப்பட்டது. ஆகவே அந்தக் கோர்ட்டின் வரலாறு நமக்கு அயலார் கதையல்ல.

முதலில் ஆலைத் தொழிலாளரின் வழக்கு. 1918-இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்கள் மீது பின்னி கம்பெனி 1920-இல் ஹைகோர்ட்டை நாடியது. பக்கிங்காம் ஆலைத் தொழிலாளரை வேலைக்குத் திரும்பவொட்டாமல் தூண்டி, ஒப்பந்தத்தை முறிக்கச் செய்தார்கள் என்பது வாடியா முதலிய தலைவர்கள் மீது புகார். கோர்ட்டு தடையுத்தரவு போட்டது. கூலிக்காகக் கூடிப் பேசுவதே சட்டத்தின் கண்ணில் குற்றமாயிற்று! சட்டம் அப்படியிருக்க, கோர்ட்டிலே பரிகாரம் ஏது? சட்டத்தையே மாற்ற வேண்டுமென்ற குரல் எழுந்தது. 1921-இல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் வேலைநிறுத்தத்துக்கு அழைத்ததற்காகப் பதிவுபெற்ற சங்கத்தின் மீது அத்தகைய வழக்குப் போட முடியாதென்று அது காப்பளித்தது.

அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலாகியிருக்கிறது. அந்தக் காப்பு அதிலும் உண்டு. ஆனால் 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் எந்த ஆலையில் வேலைநிறுத்தம் செய்தாலும் அது சட்டவிரோதம் என்ற கட்டும் அதில் இருக்கிறது. ஆத்திரத்தில் கேட்டைவிட்டு வெளியேறுமுன் இதை ஒவ்வொரு சங்கமும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்தது நமது ஊரையே தொட்ட வழக்கு. 1978 ஏப்ரலில் சுதேசி காட்டன் மில்ஸ் கம்பெனியின் ஆறு ஆலைகளை மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. புதுவை ஆலையும் அதில் ஒன்று. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தது முறையல்ல என்று முதலாளிகள் வழக்காடினார்கள். கேட்க வேண்டிய அவசியமில்லை என்றது டில்லி ஹைகோர்ட்டு. 1981-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி, எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்காமல் அதற்குப் பாதகமான முடிவெடுப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்றது. கோடிக்கணக்கில் சொத்துள்ளவனுக்கு உள்ள இந்த நியாயம், அன்றாடம் உழைத்துண்பவனுக்கு இல்லையா? விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் வேலையைவிட்டு நீக்கினால், அதே நியாயத்தை நாமும் எடுத்துக்காட்டுவோம்.

இனி விவசாயத் தொழிலாளரின் வழக்கு. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிந்தன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததுமே அவர்கள் செய்த குற்றம். கீழ்க் கோர்ட்டு மிராசுதாரர் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் சென்னை ஹைகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. நிறைய நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களென்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் கண்ட வாதம்! 1990-இல் சுப்ரீம் கோர்ட்டும் விடுதலையை உறுதி செய்தது. கண்ணால் கண்டவர்களின் சாட்சியத்தைவிட, பணக்காரன் இப்படிச் செய்யமாட்டான் என்ற எண்ணம் கனமாக நின்றது. சட்டப் புத்தகம் ஒன்றாக இருந்தாலும், படிக்கும் கண் எல்லோருக்கும் ஒன்றல்ல.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி ஜில்லாவின் வாச்சாத்தி மலைவாழ் மக்கள் மீது வனத்துறை, போலீஸ், ரெவினியூ சிப்பந்திகள் பாய்ந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அப்படியொன்றும் நடக்கவில்லை என்றது சர்க்கார். மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்டுகளும் விடாமல் போராடினார்கள். 1995-இல் ஹைகோர்ட்டு புலன்விசாரணையை சி.பி.ஐ. வசம் ஒப்புவித்தது. 2011-இல் தர்மபுரி கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023-இல் அப்பீலை விசாரித்த ஹைகோர்ட்டு நீதிபதி நேரில் கிராமத்துக்கே போய்ப் பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று அப்பீல்களைத் தள்ளி, வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் தரவும் உத்தரவிட்டார். நியாயம் வந்து சேர 31 ஆண்டுகள்! 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துத் தப்பினர். என்றாலும் அந்தப் பெண்கள் மிரட்டலுக்கு அஞ்சவில்லை, சொன்ன சொல் மாறவில்லை. ஊர் அவர்களைத் தனியே விடவில்லை.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் என்ன? கோர்ட்டு ஒரு களம். அதில் இறங்காமலும் இருக்கக்கூடாது, அதையே முழுதும் நம்பியும் இருக்கக்கூடாது. ஹாஜர் அட்டை, சம்பளச் சீட்டு, சங்கம் கொடுத்த நோட்டீசின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி ஆலைத் தொழிலாளி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வருமானம் எவ்வளவானாலும் இலவச சட்ட உதவி பெறலாம். அதைக் கேட்டுப் பெறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்சி சொல்லப் போகிறவரை ஒருபோதும் தனியே அனுப்பாதீர்கள். வாய்தா தோறும் அவரோடு நாலு பேர் போக வேண்டும். அவருடைய அன்றைய கூலியைச் சங்கம் ஏற்க வேண்டும்.

சாட்சி நின்றால்தான் வழக்கு நிற்கும். சாட்சியை நிற்க வைப்பது நமது ஒற்றுமை.