அறுபது மடங்கு என்னும் மயக்கம்

பல்கலைக்கழக உடற்கல்வித் துறையோ மாவட்டத் துப்பாக்கிச் சங்கமோ ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்க முற்படும்போது முதலில் தேடப்படுவது உருப்பெருக்க எண். பெட்டியின்மேல் 20–60×60 என்று அச்சிட்டிருந்தால் அது 20×50ஐவிட மும்மடங்கு உயர்ந்தது என்று கருதப்படுகிறது. விலையும் மலிவாக இருந்துவிட்டால் கோப்பில் கையெழுத்து விழத் தடையே இல்லை. குறைந்த நிதியில் வேறென்ன செய்ய முடியும் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அந்தச் சமாதானம் செல்லாது. நிதி குறைவாக இருக்கும் இடத்தில்தான் இக்கொள்முதலை அறவே தவிர்க்க வேண்டும்.

இக்கருவி யாருக்குத் தேவை என்பதிலேயே குழப்பம் தொடங்குகிறது. நம் மாணவருள் பெரும்பாலோர் பயிலும் 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் பிரிவுக்கு இது வேண்டியதே இல்லை. கம்பியில் ஓடும் தாங்கி இலக்குத்தாளைச் சுடுபவரின் கைக்கே கொண்டுவந்துவிடும். தேவைப்படுவது 50 மீட்டர் ரைபிள் பிரிவுக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றாரே, முழந்தாளிட்டும் குப்புறப் படுத்தும் நின்றும் சுடும் அதே பிரிவு. அதில் இந்தியா பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான்.

அப்பிரிவின் கணக்கைப் பார்ப்போம். 50 மீட்டர் இலக்குத்தாளில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; .22 குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். அக்குண்டு இட்ட துளை 50 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பவரின் கண்ணில் அமைக்கும் கோணம், ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் பங்கில் பாதிகூட இல்லை. நல்ல கண் பிரித்தறியும் எல்லையோ ஏறத்தாழ அந்த ஒரு பங்கு. ஆகவே வெறுங்கண்ணுக்குத் துளை தெரிவதில்லை. 20 மடங்கு பெருக்கினால் அக்கோணம் கண்ணின் எல்லையைப்போல் ஏழு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. துளையைக் காண அது தாராளம். 30 மடங்குக்கு மேல் கேட்பவர் எதைக் காணக் கேட்கிறார் என்பதை விளக்கியாக வேண்டும்.

மிகுதியான பெருக்கம் பயன்படாமற்போனாலும் கெடுதல் செய்யாதே என்று சிலர் வாதிடக்கூடும். செய்கிறது. முன்புற லென்சின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் லென்சில் 20 மடங்கு வைத்தால் அது 3 மில்லிமீட்டர். 60 மடங்கு வைத்தால் 1 மில்லிமீட்டர். பகலில் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை திறந்திருக்கும் கண்மணியை அந்த ஒரு மில்லிமீட்டர் கற்றை நிரப்பாது, படம் மங்கும். நம் சுடுதளங்களிலோ இலக்குத்தாள் பெரும்பாலும் சுவரின் நிழலில் நிற்கிறது. கறுப்பு வட்டத்தில் விழுந்த துளை கறுப்பாகவே தெரிகிறது. வெளிச்சம் மிகத் தேவைப்படும் இடத்திலேயே அது பறிபோகிறது. போதாக்குறைக்குச் சித்திரை வெயிலில் தரையிலிருந்து எழும் கானலையும் அறுபது மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியில் இலக்கு கொதிநீரில் மிதப்பதுபோல் ஆடும். மலிவான ஜூம் லென்சு அத்துடன் ஓரங்களில் நிறம் பிரித்தும் காட்டும். இதே விலைக்குக் கிடைக்கும் மாறா உருப்பெருக்கக் கருவியில் லென்சுகள் குறைவு, அசையும் பாகங்கள் குறைவு. ஆதலால் படம் பெரும்பாலும் தெளிவு.

ஆயினும் கண்ணாடியைவிடப் பெரிதாக அலட்சியப்படுத்தப்படுவது தாங்கி. குப்புறப் படுத்துச் சுடுபவரின் இடக்கை தோல்வாரில் இறுகியிருக்கும். முழங்கை பாயில் பதிந்திருக்கும். கன்னம் கட்டையில் படிந்திருக்கும். இந்த அமைப்பு ஒருமுறை கலைந்தால் அதே இடத்துக்கு மீள்வது எளிதன்று. ஆகவே கருவி சுடுபவரின் கண்ணை நாடி வர வேண்டும்: 45 பாகை வளைந்த கண்ணருகுக் குழல், அதைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும் வளையம், ரைபிளை ஒட்டி நிற்கும் கனத்த அடிப்பாகம், முழந்தாளிடும்போதும் நிற்கும்போதும் உயர்த்திக்கொள்ள ஒரு கம்பி. மலிவுக் கருவியோடு இலவசமாக வரும் மேசை முக்காலியில் இவற்றுள் ஒன்றுமில்லை. அதைப் பார்க்க மாணவர் ஒவ்வொரு சுடுக்கும் தலையைத் தூக்குகிறார், தோளைத் திருப்புகிறார். பின்பு குண்டுகள் சிதறுவதற்குக் காரணம் அவருடைய மனவுறுதிக் குறைவே என்று அவருக்கே போதிக்கப்படுகிறது. கனமான இரும்புத் தட்டும் நேரான கம்பியும் ஒரு பிடிப்பானும் கொண்ட தாங்கியை உள்ளூர் லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். ஜூமில் மிச்சமாகும் பணம் அதற்குப் போக வேண்டும். அதற்கும் மிஞ்சினால் தோட்டாவுக்கு.

குறைந்த விலைப்புள்ளியை ஏற்றாக வேண்டுமே, விதி கையைக் கட்டுகிறதே என்பது நிர்வாகத்தின் மறுமொழி. விலைப்புள்ளிகள் ஒப்பிடப்படுவது கேட்டவர் எழுதிய விவரக்குறிப்பின்படிதான். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் அக்குறிப்பு பொருளின் செயல்பாட்டை அளவிடத்தக்க முறையில் சொல்ல வேண்டும் என்றே எதிர்பார்க்கின்றன. ‘60 மடங்கு’ என்று மட்டும் எழுதினால் ஆக மலிவான அறுபதுதான் வந்து சேரும். குற்றம் விதியினுடையது அன்று, எழுதியவருடையது. அதே வளாகத்தில் இயற்பியல் துறை இருக்கிறது. லென்சின் பிரிதிறனை இளங்கலை மாணவர் தேர்வில் எழுதுகிறார். அந்தத் துறையின் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்க எந்த ஒப்புதலும் வேண்டியதில்லை.

மின்னணு இலக்குகள் வந்தபின் இக்கருவி எதற்கு என்று கேட்போர் தில்லியின் கர்ணி சிங் சுடுதளத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். தாள் இலக்கில் பயிலும் மாணவருக்கு அந்த வசதி எட்டாதது. மின்னணு இலக்கு உள்ள இடத்திலும் கானலின் போக்கைக் கொண்டு காற்றை அறிய ஸ்கோப் உதவுகிறது. இன்னொரு சாரார் ஐரோப்பிய உயர்தரக் கண்ணாடி இல்லாமல் இவ்விளையாட்டே இல்லை என்கிறார்கள். புலராப் பொழுதில் தொலைமரத்துப் பறவையின் இறகு வரியைப் பிரித்தறிய அத்தகைய கண்ணாடி வேண்டும். 50 மீட்டரில் ஒரு துளையைக் காண வேண்டாம். கண்ணருகு லென்சில் கைப்பேசியைப் பொருத்திப் பார்க்கலாமே என்ற யோசனை பயிற்சியாளருக்குப் பொருந்தும். போட்டியில் சுடுபவரின் இடத்தில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை.

விவரக்குறிப்பு இவ்வளவு இருந்தால் போதும்: உருப்பெருக்கம் 20 முதல் 30க்குள், மாறாததாயின் நன்று, முன்புற லென்சு 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 45 பாகை வளைந்த கண்ணருகுக் குழல், கண்ணாடி அணிந்தவரும் முழுப் படத்தையும் காணும் இடைவெளி, உயரம் மாற்றத்தக்க கம்பித் தாங்கி. விலைப்புள்ளியைத் திறப்பதற்கு முன் மாதிரிக் கருவிகளைச் சுடுதளத்துக்கு வரவழைத்து, பிற்பகல் நிழலில் கறுப்பு வட்டத்தில் .22 துளைகள் இட்ட தாளை 50 மீட்டரில் நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் எத்தனை துளை தெரிகிறது என்பதைப் பாயில் படுத்து எண்ணிச் சொல்ல வேண்டியவர் அதைப் பயன்படுத்தப்போகும் மாணவர். கொள்முதல் குழுத் தலைவர் அல்லர்.