தங்கவயலின் வரைபடம் யாருடையது?

பூமிக்கடியில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதர்கள் இறங்கி உழைத்த ஊர் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கைக்கொண்ட சுரங்கத்தொழில், 1956இல் மைசூர் அரசிடமும் 1962இல் ஒன்றிய அரசிடமும் சென்று, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக உருப்பெற்று, 2001 பிப்ரவரி 28 அன்று நின்றுபோனது. தொழில் நின்றதே தவிர, சுரங்கம் ஊரைவிட்டு அகலவில்லை. மண்ணுக்கடியில் வெற்றுப் பாதைகளாகவும், மண்ணுக்குமேல் சயனைடு மேடுகளாகவும், தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் லைன் வீடுகளாகவும் அது இன்றும் இருக்கிறது.

2024 ஜூன் மாதத்தில் கர்நாடக அமைச்சரவை, ஏறத்தாழ 1,000 ஏக்கர் பரப்பில் அமைந்த 13 மண்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. வேலை வருமா, நோய் வருமா, வீடு நிலைக்குமா என்பவை அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களின் கேள்விகள். இவற்றுக்கு விடை காண முனையும் எவரும் முதலில் சந்திப்பது ‘எங்கே’ என்னும் சொல்லைத்தான். மேட்டின் எல்லை எங்கே முடிகிறது? மழைநீர் எந்த ஓடை வழியாக எந்த ஏரிக்குச் செல்கிறது? ஷாஃப்ட் எனத் தொழிலாளர் வழங்கிய செங்குத்துக் குழிகள் எந்தெந்தத் தெருக்களுக்கு அருகில் உள்ளன?

இவ்விடைகள் பல கைகளில் சிதறிக் கிடக்கின்றன. நிலப்பதிவேடு மாநில வருவாய்த்துறையிடம். சுரங்க நிலம் ஒன்றிய அரசின் நிறுவனத்திடம். நிலவியல் வரைபடம் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்திடம். தெருவும் வடிகாலும் நகராட்சியிடம். ஒருவரது பிழையை மற்றவர் அறியும் வழி அரிது. குடிமகன் ஒருவர் பிழையைக் கண்டு மனு எழுதினால், அந்த மனு கோப்பில் உறங்குமே ஒழிய, வரைபடத்தில் அதன் சுவடு தெரிவதில்லை.

இதற்குத் தீர்வாக வரைபடங்களை இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று பலர் கருதுகின்றனர். அது பாதித் தீர்வுகூட அன்று. படமாக ஏற்றப்பட்ட வரைபடத்தைப் பார்க்கலாம். அளக்க இயலாது, திருத்த இயலாது, வேறொரு தரவுடன் பொருத்தவும் இயலாது. கட்டற்ற மென்பொருள் உலகம் கற்பித்த பாடம் இங்குதான் பயன்படுகிறது. மூலத்தைக் காட்டுவது அந்த உலகின் வலிமையில் ஒரு பகுதி மட்டுமே. மாற்றங்களை நிருவகிக்கும் ஒழுங்குமுறையே மறுபகுதி. லினக்ஸ் கருநிரலைப் பேணுவதற்காக 2005இல் உருவாக்கப்பட்ட கிட் என்னும் கருவி, ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, எதற்காகச் செய்தார் என்ற குறிப்புடன் சேமிக்கிறது. எவரும் திருத்தத்தை முன்மொழியலாம். பொறுப்பாளர் ஆராய்ந்து ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பின் காரணமும் பதிவில் நிற்கும்.

இம்முறையைப் புவியிடத் தரவுக்குப் பொருத்த இயலும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. சிகாகோ மாநகராட்சி 2013இலேயே தன் தெருக்கள், கட்டட எல்லைகள் முதலிய தரவுகளைக் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டது. இந்தியாவில் 2011இல் பெங்களூரில் தொடங்கிய டேட்டாமீட் குழுவினர், தொகுதி எல்லைகள் முதலிய வரைபடத் தரவுகளை அதே தளத்தில் பொதுவில் பேணி வருகின்றனர். 2015ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தின்போது, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாகக் கொண்ட வரைபடத்தில் நீர் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்தனர். பிரித்தானியாவிலோ, கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களின் வாயில்கள் எங்கெங்கே உள்ளன என்பதை அரசு அமைப்பே இணைய வரைபடத்தில் காட்டுகிறது; வீடு வாங்குவோர் அதைப் பார்த்தபின் முடிவெடுக்கின்றனர்.

தங்கவயலுக்கு இந்த ஒழுங்கு ஏன் இன்றியமையாதது என்பதை ஒரு நுட்பச் செய்தி விளக்கும். பழைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய கைப்பேசிகள் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. உரிய மாற்றம் செய்யாமல் ஒன்றின் எண்களை மற்றொன்றின்மீது வைத்தால், ஓரிடம் 100 மீட்டருக்கும் கூடுதலாக விலகித் தோன்றக்கூடும். சுரங்க அளவையாளர்கள் தமக்கென உள்ளூர் ஆயத்தொலைவு முறையைக் கையாள்வதும் வழக்கம். லைன் வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில் 100 மீட்டர் என்பது வேறொரு தெரு. ஆபத்தான குழி பக்கத்துத் தெருவில் இருப்பதாக வரைபடம் சொன்னால், அந்த வரைபடமே ஆபத்தாகிவிடும். எந்த மூலத்திலிருந்து, எந்த மாற்றத்தின் வழியாக இந்தப் புள்ளி பெறப்பட்டது என்ற வரலாறு தரவுடன் இணைந்திருந்தால் மட்டுமே இப்பிழை பிடிபடும்.

எதிர்வாதங்கள் உண்டு. பொதுமக்களைத் திருத்தவிட்டால் தரம் கெடும் என்பது முதலாவது. முன்மொழியும் உரிமையும் ஏற்கும் அதிகாரமும் ஒன்றல்ல என்பதே அதற்கு மறுமொழி. பாதுகாப்புக் காரணம் காட்டுவோரும் உளர். ஆனால் 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றி வரைபடத் தரவைத் திரட்டவும் வெளியிடவும் இடமளித்தன. 2022ஆம் ஆண்டின் தேசியப் புவியிடக் கொள்கையும் அதே திசையில் செல்கிறது.

மூன்றாவது எதிர்வாதமே கனமானது. தரவு திறக்கப்படும்போது வலியோரே முதலில் பயனடைவர். பட்டா இல்லாத குடும்பத்தின் வீடு வரைபடத்தில் ‘ஆக்கிரமிப்பு’ எனப் பெயர் பெறக்கூடும். தங்கவயல் இதை முன்பே அறியும். 1930இல் அங்கு எழுந்த பெரும் வேலைநிறுத்தம், தொழிலாளரின் கைரேகையைப் பெற்றுப் பதியும் முறையை எதிர்த்து நிகழ்ந்தது. தம்மைப் பற்றிய பதிவு தம் கையில் இல்லாதபோது அது விலங்காகும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். ஆகவே எதைத் திறப்பது என்பதில் தெளிவான கோடு வேண்டும். குழிகள், மேடுகள், நீரோட்டம், காற்று மற்றும் நீர் ஆய்வு நடந்த இடங்கள், பொது நில எல்லைகள் ஆகியவை திறக்கப்பட வேண்டும். யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பது திறக்கப்படலாகாது.

பணியைச் சிறிதாகவே தொடங்கலாம். ஒரு கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ பொறுப்பேற்று, உரிமம் தெளிவாகக் குறிக்கப்பட்ட ஒரு தரவுக் களஞ்சியத்தை நிறுவலாம். பிழை தெரிவிக்கும் படிவம் தமிழிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும். கணினி அறியாதவர் வாய்மொழியாகச் சொல்வதைப் பதிந்துகொள்ள மாணவர்கள் வேண்டும். உரிகம், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை என மக்கள் வழங்கும் பெயர்கள் இரு மொழிகளிலும் இடம்பெற வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அதற்கு ஏற்கெனவே இடமளிக்கிறது.

காலம் குறுகியது. சுரங்கம் மூடப்பட்டபோது நாற்பது வயதில் இருந்தவர் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார். எந்தக் குழி எந்த ஆண்டு மூடப்பட்டது, எந்தப் பாறைவெடிப்புக்குப் பின் எந்தப் பாதை கைவிடப்பட்டது என்பது காகிதத்தில் இருக்கும் அளவுக்கு அவர்கள் நினைவிலும் இருக்கிறது. காகிதத்துக்கு ஆவணக்காப்பகம் உண்டு, நினைவுக்கு இல்லை. மண்மேடுகளில் இயந்திரங்கள் இறங்குவதற்கு முன், அவர்களின் அறிவு வரைபடத்தில் ஏறவேண்டும். அது அவர்கள் பெயராலேயே ஏறவேண்டும்.