ஒரு கம்பியும் பல கணினிகளும்

தொழினுட்பம் பொறியியற் பீடத்தாரின் உரிமை. ஏனையோர் அதனைப் பயன்படுத்துவதோடு அமைந்துவிட வேண்டும் என்ற கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. கலைப்பீட மாணவர் சிலர் இதனைப் பெருமையாகவே கூறுவர். இக்கருத்து தவறானது மட்டுமன்று; தீங்கானதுமாகும். இறந்துபட்டதெனக் கருதப்படும் ஒரு நுட்பத்தைக் கொண்டே இதனை நிறுவலாம்.

1990களில் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை அடைந்தோர்க்குப் பொதுவாக ஓர் அழைப்புக்கு ஒரு முகவரியே கிடைத்தது. பிரித்தானியா போன்ற நாடுகளில் உள்ளூர் அழைப்புக்கும் நேரக் கணக்கிற் கட்டணம் அறவிடப்பட்டது. ஒரு கம்பிக்கு ஒரு கணினி என்பதே சந்தையின் நியதி. அந்நியதியை மீற வழி தந்தவற்றுள் ஒன்று லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கி, பலர் தன்னார்வத்தோடு வளர்த்தெடுத்த முறைமை அது.

பழைய கணினியொன்றில் மோடமும் வலையட்டையும் பொருத்தி லினக்ஸை நிறுவினாற் போதுமானது. உள்ளிருக்கும் கணினிகள் 192.168 எனத் தொடங்கும் தனி முகவரிகளைப் பெறும். அவற்றுள் ஒன்றிலிருந்து தரவுப்பொதி வெளிநோக்கிப் புறப்பட்டதும் ‘பீபீபீடி’ என்னும் நிரல் தானே தொலைபேசி அழைப்பை எடுக்கும். குறித்த நேரம் வரை பொதி எதுவும் செல்லாவிடின் இணைப்பைத் துண்டிக்கும். ‘மாஸ்குரேடிங்’ எனப்படும் முகவரிமாற்று, அனைத்தையும் ஒரே முகவரியின் பின் நிறுத்தி, வரும் மறுமொழியைத் துறை எண் கொண்டு உரிய கணினியிடம் சேர்ப்பிக்கும்.

இங்குதான் சமூக வினா எழுகின்றது. எவரும் வேண்டாத ஒரு பெயர்த்தேடற் பொதி நள்ளிரவிற் கம்பியை எழுப்பினால், கட்டணம் அனைவர் தலையிலும் விழும். எப்பொதி அழைப்பை எழுப்பலாம், எது எழுப்பலாகாது என வடிகட்டும் விதியை வகுப்பவர் யார்? குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சும் உழவரின் வினாவும் இதுவன்றோ! லினக்ஸில் அவ்விதி எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியதாய் எழுத்தில் இருந்தது.

“கம்பி போய்விட்டது; இனி இவ்வறிவு எதற்கு?” என்பர். அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டெம்பர் 30இல் இச்சேவையை நிறுத்திவிட்டது உண்மையே. ஆயினும் விடுதி அறையில் ஒருவர் தம் அன்ட்ரொயிட் கைப்பேசி இணைப்பை நண்பருடன் பகிரும்போது இயங்குவது அதே லினக்ஸ் கருநிரல், அதே முகவரிமாற்று. விதி மட்டும் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

இம்முறையைக் கண்மூடிப் புகழ்தலும் ஆகாது. 32 இரும இலக்க முகவரிகள் ஏறத்தாழ 429 கோடியே. அப்பற்றாக்குறையின் பிள்ளையே முகவரிமாற்று. அதன் பின்னிருக்கும் கணினி வெளியே கேட்கலாம்; தனி ஏற்பாடின்றி வெளியார் அதனை நேரே அழைக்க இயலாது. நுகர்வோனாய் இருத்தலே அதன் இயல்பான நிலையாகிறது.

பற்றாக்குறை, பங்கீடு, விதி, அதிகாரம்: இவை பொறியியலாளர்க்கு மட்டுமுரிய சொற்களல்ல. இவற்றைத் தமிழிற் கற்று, தமிழில் எழுதி, தமிழில் வினவுதல் நம் கடன். அதனைத் தட்டிக்கழிப்போர், பிறர் வகுத்த விதிக்குக் கட்டணம் செலுத்துவோராகவே எஞ்சுவர்.